மூன்று நாள் ஃப்ளோரன்ஸுக்கு EMI போடலாமா?

கேள்வி: என் கணவரை அலுவலக வேலையாக அடுத்த பிப்ரவரியில் ஒரு வாரம் மியூனிக் அனுப்புகிறார்கள். நானும் கூடப் போய், வேலை முடிந்ததும் இருவரும் மூன்று இரவு இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் தங்க ஆசை. எல்லாம் சேர்த்து 1.8 லட்சம் ஆகும் என்று டிராவல் ஏஜென்ட் சொல்கிறார், 12 மாத EMI-யும் ஏற்பாடு செய்து தருகிறாராம். கையில் 4 லட்சம் FD இருக்கிறது. மாதம் 18,000 மிச்சமாகும், தீபாவளி போனஸ் 60,000 வரும். நகைச் சீட்டும் ஜனவரியில் முடிகிறது. FD-யை உடைப்பதா, EMI-யா? நகையை அங்கேயே வாங்கிவிடலாமா?
- வாசகி, கோவை

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். கணவரின் விமான டிக்கெட்டும் மியூனிக் அறையும் அலுவலகக் கணக்கு. இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வராது. ஆனால் EMI வேண்டாம், FD-யையும் தொடாதீர்கள். அந்த 4 லட்சம்தான் உங்கள் அவசர நிதி என்று நினைக்கிறேன். 15 சதவீத வட்டியில் 1.8 லட்சம் வாங்கினால், ஒரு வருடத்தில் வட்டி மட்டும் கிட்டத்தட்ட 15,000 ரூபாய். பிப்ரவரிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறதே! ஏழு மாத மிச்சம் 1.26 லட்சம், போனஸ் 60,000, ஆக 1.86 லட்சம். கணக்கு சரியாகப் போச்சு. (ஃப்ளோரன்ஸுக்கே கடன் பாடம் உண்டு. அந்த ஊரின் பார்தி, பெருஸ்ஸி வங்கிக் குடும்பங்கள் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டுக்கு அள்ளிக் கொடுத்து, 1340-களில் திவாலாயின.)

ஆனால் பணத்தை எந்த வரிசையில் கட்டுகிறீர்கள் என்பது முக்கியம். முதலில் விசா. ஜெர்மனி, இத்தாலி இரண்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். ஜெர்மனியில்தான் அதிக நாள் இருப்பீர்கள் என்பதால் விண்ணப்பமும் ஜெர்மனிக்குத்தான், இத்தாலிக்கு அல்ல. அதன் கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்ப வராது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறையை மட்டும் புக் செய்யுங்கள். ‘இப்போதே கட்டினால் குறைவு’ என்று ஏஜென்ட் அவசரப்படுத்துவார், அசையாதீர்கள். பேக்கேஜாக வாங்கினால் TCS (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ளலாம்தான், ஆனால் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். டிக்கெட், அறை, ரயில் என்று நீங்களே தனித்தனியாகப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. மியூனிக்கிலிருந்து பொலோன்யா வரை நேரடி ரயில் இருக்கிறது, அங்கிருந்து ஃப்ளோரன்ஸ் அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

ஃப்ளோரன்ஸில் பிப்ரவரி கூட்டமில்லாத மாதம், அறை வாடகையும் கோடையைவிடக் குறைவு. வாடகையோடு தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாக வரும். சாதாரண மூன்று நட்சத்திர ஓட்டலிலேயே இருவருக்கும் மூன்று இரவுக்கு 30 யூரோவைத் தாண்டலாம். உஃபீஸி அருங்காட்சியக டிக்கெட் 25 யூரோ, முன்பதிவுக்கு இன்னும் 4. அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் வாங்குங்கள், இடைத்தரகர்கள் ஏற்றித்தான் விற்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு உஃபீஸியும், மைக்கேலேஞ்சலோவின் டேவிட் நிற்கும் அக்காதெமியாவும் இலவசம். ஆனால் வரிசை நீளும், மூன்றே நாளில் பாதி நாளை அதில் தொலைப்பது எனக்குச் சம்மதமில்லை. திங்களன்று இரண்டும் மூடியிருக்கும். சாப்பாட்டு பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருந்தால் ஏமாற்று என்று சண்டைக்குப் போக வேண்டாம், அது உட்காருவதற்கான கட்டணம். காபியை நம் ஊர் டீக்கடை மாதிரி கவுன்டரில் நின்றே குடியுங்கள், மேஜையில் உட்கார்ந்தால் விலை எகிறும்.

அதிகம் கசிவது கார்டில்தான். நம் வங்கிக் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீத மார்க்கப் (கூடுதல் கட்டணம்), அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 4.13 சதவீதம். 80,000 ரூபாய் செலவுக்கு 3,300 போய்விடும். மார்க்கப் குறைந்த கார்டு ஒன்றைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். கடைக்காரர் நீட்டும் மெஷின் ‘ரூபாயிலா, யூரோவிலா’ என்று கேட்டால், எப்போதும் யூரோ. ரூபாயை அமுக்கினால் அவர்கள் வைத்ததுதான் ரேட். ரொக்கமாக 150 யூரோ போதும்.

கடைசியாக நகை. 1252-ல் ஃப்ளோரன்ஸ் அடித்த ஃப்ளோரின் நாணயம் மூன்றரை கிராம், கிட்டத்தட்ட சுத்தத் தங்கம். இன்று போன்டே வெக்கியோ பாலத்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 18 காரட். வேலைப்பாடு அழகுதான், ஆனால் இங்கே விற்கப் போனால் 916-க்குக் கிடைக்கும் மதிப்பு கிடைக்காது. வரியைத் திருப்பித் தருகிறோம் என்பார்கள். 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் அது உண்டு, ஆனால் 22 சதவீத வரியும் முழுதாகக் கைக்கு வராது. நம் நாட்டுச் சுங்கத்தில் நகைக்கான தனிச் சலுகையும் ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான். தவிர, நகைச் சீட்டுப் பணத்தைப் பெரும்பாலான கடைகள் ரொக்கமாகத் தருவதில்லை. அதைக் கோவையிலேயே நகையாக வாங்கிக்கொள்ளுங்கள்.