விறகு அடுக்கிய கழிப்பறை

கேள்வி: எங்கள் ஊரில் அரசு மானியத்தில் கட்டிய கழிப்பறைகள் பாதிக்கு மேல் விறகும் ஆட்டுத் தழையும் போட்டுவைக்கத்தான் உதவுகின்றன. ஜனங்கள் பழையபடி கருவேலங்காட்டுக்கே போகிறார்கள். அந்தப் பணத்தில் நாலு பேருக்கு வேலை கொடுத்திருந்தால் ஊர் முன்னேறியிருக்காதா?
- ஒரு வாசகர், மணப்பாறை வட்டம்

பதில்: விறகு கிடப்பதைப் பார்த்தீர்கள், சரி. பக்கத்தில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தீர்களா?

ஒரு கணக்குப் போடுங்கள். ஒருவர் ஒரு தடவை போய்வந்தால், கழுவிக்கொள்ளவும் பேசினில் ஊற்றவும் அரை வாளித் தண்ணீராவது வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இதற்கு மட்டுமே தினம் மூன்று குடம். நிறைகுடம் 15 கிலோ கனக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும் தெருவில் அதை யார் தூக்குவது? சோற்றுக்கும் குடிக்கவும் ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருக்கிற அதே பெண்தான். காட்டுக்குப் போனால் ஒரு சொம்போடு முடிந்துபோகும். அதனால்தான் அங்கே விறகு ஏறியது. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேலைக்கு வருவோம். ஆண் எந்நேரமும் காட்டுப்பக்கம் ஒதுங்கலாம். பெண் விடியுமுன் போக வேண்டும். விட்டால் இருட்டும்வரை அடக்க வேண்டும். அதற்குப் பயந்தே களையெடுக்கிற வெயிலிலும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். அப்புறம் நீர்க்கடுப்பு, காய்ச்சல், இரண்டு நாள் கூலி போச்சு. பிள்ளைகளைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் அந்தப் பிள்ளை செருப்பில்லாமல் மறுநாளும் அதே காட்டுக்குத்தான் போகிறது. மலம் விழுந்த மண்ணில் இருக்கும் கொக்கிப்புழு உள்ளங்கால் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும். சோகை பிடித்த பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்? நீங்கள் கொடுக்கச் சொல்கிற வேலையைச் செய்ய உடம்பில் தெம்பு வேண்டாமா?

வழி இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே, திருச்சியில், செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே குடிசைப் பகுதிகளில் நாறிக் கிடந்த பொதுக் கழிப்பிடங்களை, 'கிராமாலயா' போன்ற தொண்டு நிறுவனங்களின் துணையோடு அந்தந்தத் தெருப் பெண்களே குழுவாகச் சேர்ந்து பொறுப்பெடுத்தார்கள். முறைபோட்டு வாசலில் உட்கார்ந்து, டோக்கன் கொடுத்து, ஒருவருக்கு ஐம்பது காசு வாங்கினார்கள். அதிலிருந்தே கரண்ட் பில், பினாயில், சுத்தம் செய்பவரின் சம்பளம். மீந்ததைத் தெருவின் பொதுக் காரியங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். இருட்டறையையும் பெரிய குழியையும் கண்டு சின்னப் பிள்ளைகள் மிரண்டு சாக்கடையோரம் உட்காரும் அல்லவா? அவர்களுக்கென்று திறந்த வெளிச்சத்தில், ஆழமில்லாத தனி இடம் கட்டினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். குழந்தையின் பயத்தை ஒரு தாய்தான் யோசிப்பாள். 2002-ல் கல்மந்தை, திறந்தவெளியில் யாரும் போகாத குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. கிராமாலயாவை நிறுவிய தாமோதரனுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தண்ணீர்த் தட்டுப்பாடுதான் என்றால் முசிறிக்குப் போய்வாருங்கள். சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரித்து, ஊற்றுகிற தண்ணீருக்குப் பதில் சாம்பலைத் தூவுகிற கழிப்பறைகளை 'ஸ்கோப்' தொண்டு நிறுவனத்தின் சுப்புராமன் அங்கே கொண்டுவந்தார். தரைக்கு மேல் கட்டிய மலத்தொட்டி பல மாதம் மூடிக் கிடந்தபின் உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். காவிரிக்கரையில் நிலத்தடி நீர் மேலேயே கிடக்கிற இடங்களில் கிணறும் கெடாது. அவருக்கும் 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இந்த இரண்டு இடத்திலும் பயன்படுத்துகிறவர்களைக் கேட்டு, அவர்கள் கையில் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் கான்ட்ராக்டர் நாலு சுவர் எழுப்பி, போட்டோ எடுத்துக்கொண்டு போயிருப்பார். ஒன்று செய்யுங்கள். விறகு கிடக்கிற கழிப்பறை ஒவ்வொன்றிலிருந்தும் தெருக்குழாய்க்கு எத்தனை அடி என்று நடந்து அளந்து, கிராம சபையில் எழுந்து படியுங்கள். அந்தத் தாளின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.