லைட் போதுமா, ஃபுல் பவர் வேண்டுமா?

மின் மவுண்டன் சைக்கிள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எனக்கு வயது 41, எடை 74 கிலோ. கல்லிடைக்குறிச்சிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்வாய்க்கரை, குளத்துக்கரை, பொத்தை (சிறு குன்று) அடிவாரம் என்று சாதா மவுண்டன் சைக்கிளில் 40, 50 கி.மீ. சுற்றுவேன். இப்போது முட்டு வலி தொடங்கியிருக்கிறது. மின் சைக்கிளுக்கு மாறலாம் என்று 18 கிலோ லைட் வண்டி ஒன்றும் 24 கிலோ ஃபுல் பவர் வண்டி ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். "பெரிய மோட்டாராகவே எடுங்க அண்ணாச்சி, பின்னால வருத்தப்பட மாட்டீங்க" என்கிறார் கடைக்காரர். எதை எடுக்க?
- வாசகர், அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்: லைட் வண்டியை எடுங்கள். நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவருக்குக் கடைக்காரர் சொல்வது சரி. உங்கள் பாதைக்கு அது பொருந்தாது. இந்தக் குழப்பம் பலருக்கும் இருப்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறோம்.

இரண்டு வண்டியிலும் 250 வாட் என்றுதான் எழுதியிருக்கும். அது தொடர்ந்து ஓடும்போது உள்ள கணக்கு. உச்சத்தில் கிடைப்பது வேறு. ஷிமானோ இபி8, பாஷ் நான்காம் தலைமுறை சிஎக்ஸ் போன்ற ஃபுல் பவர் மோட்டார்கள் 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (அச்சைத் திருகும் பலம்) தருகின்றன. லைட் ரகத்தில் டிக்யூ எச்பிஆர் 50 தருவது 50 நியூட்டன் மீட்டர், உச்சம் 300 வாட், பேட்டரி 360 வாட் அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு). ஃபாஸுவா ரைட் 60 என்றால் 60 நியூட்டன் மீட்டர், 450 வாட், 430 வாட் அவர். ஃபுல் பவர் வண்டிகளில் பேட்டரி பெரும்பாலும் 600 முதல் 800 வாட் அவர் வரை இருக்கும். எடை கூடுவதில் பெரும்பங்கு பேட்டரிக்கும் மோட்டாருக்கும் போகிறது. அந்த வேகத்தையும் எடையையும் தாங்கத் தடித்த டயர், பெரிய பிரேக் என்று மீதியும் ஏறிக்கொள்கிறது.

இனி ஏற்றக் கணக்கு. ஆளும் வண்டியும் சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். அதை 1000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 272 வாட் அவர் வேலை தேவை. மூன்றில் ஒரு பங்கை உங்கள் கால் பார்த்துக்கொண்டால் மோட்டார் பங்கு சுமார் 180. மோட்டாரில் சூடாக வீணாவதையும் மண்பாதையில் டயர் இழுக்கும் இழுவையையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 300 அளவில் போகும். அதாவது 360 வாட் அவர் பேட்டரி 1000 மீட்டர் ஏற்றத்தைச் சற்றே தாண்டும்; 750 இருந்தால் 2000-க்கு மேல் போகலாம்.

உங்கள் பாதையில் அவ்வளவு ஏற்றம் எங்கே இருக்கிறது? கன்னடியன் கால்வாய்க்கரை தண்ணீர் தானாக ஓடுகிற வாட்டத்தில் போவது. எத்தனை கிலோமீட்டர் மிதித்தாலும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. குளத்துக்கரை ஏறுவது சில மீட்டர். இறுகிய மண்ணில், குறைந்த உதவி மோடில், லைட் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 5 முதல் 7 வாட் அவர் போதும். 50 கி.மீ.க்கு 250 முதல் 350. உங்கள் தேவை 360-க்குள் அடங்கிவிடுகிறது. நீண்ட நாளுக்கு, தண்ணீர் பாட்டில் இடத்தில் மாட்டும் 160 வாட் அவர் துணைப் பேட்டரி எச்பிஆர் 50-க்கு உண்டு.

அந்த 6 கிலோ சமதளத்தில் சீராக ஓட்டும்போது பெரிதாகத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வண்டியை விட்டு இறங்கித் தூக்கும்போதுதான் தெரியும். கால்வாய்க்கரையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மடைச் சுவர் குறுக்கே வருகிறது. இடது கை ஹேண்டில்பாரில், வலது கை சீட்டுக்குக் கீழே. முன்சக்கரம் எளிதாக ஏறிவிடும். மோட்டாரும் பேட்டரியும் பெடலை ஒட்டித்தான் இருக்கின்றன, ஆகவே நடுப்பகுதியைத் தாண்டவைக்கும் நேரத்தில் முழுப் பாரமும் வலது கைக்கு வந்து இடுப்பைத் திருகும். 24 கிலோ என்பது கிட்டத்தட்ட அரை மூட்டை சிமென்ட். ஒரு காலைக்குள் இப்படி ஏழெட்டுத் தடவை செய்து பாருங்கள், 18 கிலோவின் அருமை விளங்கும். வீட்டு மச்சுப்படி, ரயில்வே பாலப் படி எல்லாவற்றுக்கும் இதேதான். ஒற்றையடிப் பாதையில் சட்டென ஒடிப்பதற்கும், குழியைத் தாண்ட முன்சக்கரத்தைத் தூக்குவதற்கும் லைட் வண்டிதான் சொன்னபடி கேட்கும்.

முட்டு வலி என்று எழுதியிருப்பதால் ஒரு எச்சரிக்கை. லைட் மோட்டார்கள் வேகமாகச் சுற்றி மிதித்தால்தான் நன்றாகப் பலம் காட்டும். பெரிய கியரில் நிமிடத்துக்கு 50, 60 சுற்றில் அழுத்தி மிதிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மோட்டார் வேலை செய்யாதது போலவே இருக்கும், முட்டும் சேர்ந்து வலிக்கும். 85 நியூட்டன் மீட்டர் மோட்டார் 60 சுற்றிலேயே 500 வாட் அளவுக்குக் கொடுத்துவிடும். 50 நியூட்டன் மீட்டர் மோட்டாரிடம் அதே 60 சுற்றில் 300 வாட்டுக்குத்தான் வழி. ஆகவே சின்ன கியரில் வேகமாகச் சுற்றப் பழகுங்கள். அது முடியவே முடியாது என்றால் ஃபுல் பவருக்குப் போங்கள்.

சேர்ந்து ஓட்டும் நண்பர்கள் எல்லோரும் ஃபுல் பவர் வைத்திருந்தாலும் பதில் மாறும். அவர்களோடு ஒட்டிப் போக லைட் வண்டியை எப்போதும் உச்ச மோடிலேயே வைக்க நேரும், அரை நாளில் பேட்டரி தீரும்.

கடையில் மூன்று சோதனை செய்யுங்கள். வண்டியை இடுப்பு உயரம் தூக்கி பத்து அடி நடங்கள். மோட்டாரை அணைத்து பத்து நிமிடம் தெருவில் மிதியுங்கள். கடைசியாக, ஒரு குளத்துக்கரைச் சரிவின் நடுவில் நிறுத்தி, நின்ற இடத்திலிருந்தே கிளப்பிப் பாருங்கள். கடைசிச் சோதனையில் லைட் வண்டி தடுமாறினால் கியர் குறைத்து மறுபடி செய்யுங்கள். அப்போதும் தடுமாறினால்தான் அது உங்களுக்குப் போதாது.

கேள்வி: என் எடை 92 கிலோ. பனைவிளைக்கும் தோட்டத்துக்கும் போக 10 கிலோ சாமானோடு 3 கி.மீ. தேரி மணல் தாண்ட வேண்டும். லைட் வண்டி தாங்குமா?
- வாசகர், திசையன்விளை

பதில்: தாங்காது. உங்களுக்கு ஃபுல் பவர், அதிலும் 2.6 அங்குலம் அல்லது அதற்கு மேல் அகல டயர் ஏறும் ஃப்ரேம். செம்மணலில் வேகம் 8, 10 கி.மீ.க்கு இறங்கிவிடும், மிதிப்பும் மெதுவாகும். அந்த இடத்தில் மெதுவான சுற்றிலேயே கிடைக்கும் முறுக்குவிசைதான் ஆளைக் காப்பாற்றும்.

பெரிய மோட்டார் இருந்தும் தேரியில் புதைகிறவர்கள் செய்யும் தவறு உச்ச மோடு போடுவது. பின்சக்கரம் சுழன்று தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். நடு மோடில் வையுங்கள். மணல் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள்; மணலுக்குள் போய் அழுத்தத்தோடு மாற்றினால் செயின் அறுபடும். உட்கார்ந்தே மிதித்துப் பின்சக்கரத்தில் பாரம் வையுங்கள், ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கல் இல்லாத மணலில் மட்டும் பின் டயரை 16 முதல் 18 பிஎஸ்ஐ-க்கு இறக்கலாம். தார்ச்சாலை ஏறியதும் கைப்பம்பால் 26, 28-க்கு ஏற்றிவிடுங்கள். இறக்கிய காற்றோடு கல்லில் மோதினால் ரிம் நெளியும்.

வெயிலில் மெதுவாக இழுக்கும் மோட்டார் சூடாகித் தானாகவே பலத்தைக் குறைத்துக்கொள்ளும். அது பழுது இல்லை. பனை நிழலில் கால் மணி நேரம் நிறுத்துங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெயில் ஒட்டும் தேரி மணல் செயினை அரம் போல் அராவும். உலர் ரக செயின் எண்ணெயைப் பூசி, மேலே மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிடுங்கள். செயின் செக்கர் (தேய்மானம் அளக்கும் கருவி) 0.5 காட்டியதும் செயினை மாற்றினால் கேசட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) பிழைக்கும்.

ஆடிக் காற்றும் உங்கள் பக்கம் கணக்கில் சேரும். 20 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே 20 கி.மீ. காற்று வீசினால் காற்றைக் கிழிக்க மட்டும் நான்கு மடங்கு பலம் வேண்டும். பேட்டரி நிறைந்திருக்கும்போது எதிர்காற்றில் புறப்பட்டு, திரும்பும்போது காற்று முதுகில் விழும்படி வழி வகுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாரம் இரண்டு பஞ்சர். எல்லாம் உடைமுள், சீமைக்கருவேல முள். மின் சைக்கிளில் இது இன்னும் மோசமாகுமா?
- வாசகர், நாங்குநேரி

பதில்: ட்யூபோடு ஓட்டினால் மோசமாகும். வண்டி எடை கூடும்போது முள் ஆழமாக இறங்கும். பின்சக்கரத்திலேயே மோட்டார் உள்ள வண்டியில் அதைக் கழற்றி மாட்டுவதும் நேரம் பிடிக்கும். ட்யூப்லெஸ்ஸாக மாற்றிவிடுங்கள். 29 அங்குலம், 2.4 அகல டயருக்கு ஒன்றுக்கு 100 முதல் 120 மில்லி சீலன்ட் (உள்ளிருந்து ஓட்டையை அடைக்கும் திரவம்). நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்து ரப்பர் தோலாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வைத் திறந்து பார்த்து 50, 60 மில்லி சேர்க்க வேண்டும். இதை மறந்தவர்கள்தான் "சீலன்ட் வேலை செய்யவில்லை" என்கிறார்கள்.

முள் ஏறியதைக் கண்டால் உடனே பிடுங்காதீர்கள். முள்ளே அடைப்பான்; காற்று நிற்கிறதென்றால் வீடு வரை அப்படியே வாருங்கள். பிடுங்கத்தான் வேண்டுமென்றால் பிடுங்கியதும் ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வையுங்கள், சீலன்ட் அங்கே தேங்கி அடைக்கும். அடைபடாத பெரிய ஓட்டைக்கு ரப்பர் பிளக். லைட் வண்டி வாங்குகிறவர்கள் பின்பக்கம் மட்டுமாவது ஃபுல் பவருக்கு உரிய தடித்த டயர் போட்டுக்கொள்ளுங்கள். எடை சில நூறு கிராம் கூடும், கூடட்டும்.

கேள்வி: இங்கே கடையில் விற்கும் பின்சக்கர மோட்டார் சைக்கிளிலும் 250 வாட்தான். விலையோ பல மடங்கு குறைவு. அதையே வாங்கினால் என்ன?
- வாசகர், மானூர்

பதில்: சமதளச் சாலைக்குத் தாராளமாக வாங்குங்கள், நல்ல வண்டிதான். மேட்டுக்கு மட்டும் ஆகாது. பெடல் அச்சில் உள்ள மோட்டார் உங்கள் கியர் வழியாக இழுக்கிறது. சின்ன கியர் போட்டால் அதுவும் சுகமாகச் சுற்றும். சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டாருக்கு நீங்கள் மாற்றும் கியர் உதவாது. செங்குத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது பேட்டரிப் பலம் சூடாகவே போகும். உங்கள் கரிசல் மண் நனைந்து டயரில் அப்பினாலும் இதே நிலைதான். அதுபோன்ற நாளில் எந்த மோட்டாரையும் ஓட்டாதீர்கள், மண்ணைக் குச்சியால் தட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

எந்த வண்டியானாலும் 25 கி.மீ. வேக வரம்பை நீக்கும் கருவியைப் போடாதீர்கள். 0.25 கிலோவாட்டுக்கும் 25 கி.மீ.க்கும் உட்பட்டு இருப்பதால்தான் இதற்குப் பதிவும் லைசென்ஸும் கேட்பதில்லை. மீறினால் அது பதிவில்லாத மோட்டார் வாகனம், உத்தரவாதமும் போய்விடும்.

கேள்வி: தம்பி துபாயிலிருந்து லைட் வண்டியை விமானத்தில் கொண்டுவருவதாகச் சொல்கிறான். முடியுமா?
- வாசகர், மேலப்பாளையம்

பதில்: சைக்கிள் வரும், பேட்டரி வராது. பயணியின் லக்கேஜில் 160 வாட் அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு அனுமதி இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். லைட் வண்டியின் பேட்டரியும் இந்த வரம்பைத் தாண்டும். தனி சரக்காக, அபாயப் பொருள் விதிப்படி அனுப்ப வேண்டும். அதற்கு முன் இன்னொன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த மோட்டாரின் பழுதைக் கம்ப்யூட்டர் மூலம் பார்க்கும் கருவி இந்தியாவில் யாரிடம் இருக்கிறது, உத்தரவாதம் இங்கே செல்லுமா? இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

கேள்வி: களக்காட்டு மலைக்குள் இருக்கும் பழைய பாதைகளில் ஃபுல் பவர் வண்டி ஏறுமா?
- வாசகர், களக்காடு

பதில்: ஏறும், ஆனால் ஏற்றக் கூடாது. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அனுமதியின்றி உள்ளே போவது குற்றம். மோட்டார் சத்தம் குறைவு என்பது இங்கே இன்னும் ஆபத்து. யானைக்கோ கரடிக்கோ நீங்கள் வருவது தெரியாமல் மிக அருகில் போய் நிற்பீர்கள். காப்பகத்துக்கு வெளியே ஊர்ப்பக்கத்துப் பொத்தைகளும் வண்டிப்பாதைகளும் இருக்கின்றன. அங்கே ஓட்டுங்கள்.

கேள்வி: சித்திரை வெயிலில் பேட்டரியை எப்படிப் பாதுகாக்க?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள், அவ்வளவு முக்கியம் இது. பாஷ் பேட்டரிகளைச் சார்ஜ் செய்ய 40 டிகிரி வரைதான் அனுமதி. மதியம் தகரத்துக்குக் கீழே அதைவிடச் சூடாக இருக்கும். ஓட்டி வந்ததும் சார்ஜில் போடாமல் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள், சூடு அடங்க ஒரு மணி நேரம் விட்டு, இரவில் போடுங்கள். 4 ஆம்பியர் சார்ஜர் இழுப்பது 200 வாட் அளவுதான். 500 வாட் அவர் பேட்டரி நிறைய நாலரை மணி நேரம் ஆகும். 750 என்றாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குள் முடியும்.

வாட்டர் சர்வீஸ் கடையில் விடாதீர்கள். அழுத்தத்தோடு வரும் தண்ணீர் மோட்டார் அச்சின் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். வாளித் தண்ணீர், பிரஷ், துணி போதும். சில வாரம் ஓட்டாமல் வைப்பதானால் 30 முதல் 60 சதவீத சார்ஜோடு பேட்டரியைக் கழற்றி, வீட்டுக்குள் வெயில் படாத அறையில் தரையோரம் வையுங்கள். கழற்ற முடியாத பேட்டரி என்றால் வண்டியையே அந்த அறைக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.