வினாத்தாளும் மருந்துச் சீட்டும்

கேள்வி: கம்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். சான்று சார்ந்த சிகிச்சையை, அதாவது ஆய்வுகளில் பலன் நிரூபணமான முறையில் சிகிச்சை தருவதை, எங்கள் பணியாளர்கள் எவ்வளவு கடைப்பிடிக்கிறார்கள் என்று அறிய வினாத்தாள் கொடுத்தோம். அனைவரும் நல்ல மதிப்பெண் பெற்றார்கள். ஆனால், வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் எழுதுவது குறையவில்லை. அளந்த விதம் தவறா?

பதில்: வினாத்தாளில் தவறில்லை, அது அளப்பது வேறொன்றை. இதை அளக்கவென்றே டொமினிக் அப்டன், பென்னி அப்டன் என்ற ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட 24 கூற்றுகள் கொண்ட வினாத்தாளில்கூட, ஒவ்வொருவரும் தமக்குத் தாமே 1 முதல் 7 வரை மதிப்பெண் இடுகிறார். பீகார் கிராமங்களில் வைத்தியம் பார்ப்போரிடையே நடந்து 2015-இல் வெளியான ஆய்வு என்னை மிகவும் வருத்தியது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று கற்பனையாகச் சொல்லிக் கேட்டபோது 100-க்கு 72 பேர் ஓ.ஆர்.எஸ். (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) தருவோம் என்றார்கள், பயிற்சி பெற்ற ஒருவர் பெற்றோரைப் போல நேரில் சென்று அதே நோயைச் சொன்னபோது, சுமார் 17 விழுக்காட்டினரே அதைத் தந்தார்கள்.

ஆகவே சீட்டுகளை எண்ணுங்கள். கடந்த மாதம் வயிற்றுப்போக்கோடு வந்த, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ஓ.பி. (புறநோயாளி) சீட்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்து, ஓ.ஆர்.எஸ். எழுதப்பட்டதா, ஜிங்க் மாத்திரை 14 நாளுக்கு உண்டா, மலத்தில் இரத்தம் போகிறதா என்று கேட்டுக் குறித்தார்களா, சீதபேதியோ (இரத்தம் கலந்த பேதி) காலரா ஐயமோ இல்லாதபோதும் ஆன்டிபயாடிக் எழுதப்பட்டதா என்று பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத சீட்டுகளையே கவலையோடு பாருங்கள். கேட்காமல் எழுதியது அங்கேதான் தெரியும். வேறு காரணத்தைக் குறித்துவிட்டு எழுதிய மருந்தைத் தவறென்று எண்ணாதீர்கள். சான்று சார்ந்த மருத்துவத்துக்கு மருத்துவர் டேவிட் சாக்கெட் முதலியோர் 1996-இல் தந்த விளக்கத்திலேயே ஆய்வுச் சான்றோடு மருத்துவரின் அனுபவமும் நோயாளியின் விருப்பமும் சேர்ந்தே இருக்கின்றன. குமுளியிலோ வண்டிப்பெரியாற்றிலோ முன்பே மருந்து தொடங்கி வந்த குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு வையுங்கள்.

சீட்டில் தெரியாத ஒன்றும் உண்டு. தாய் விடியுமுன்னே ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய்விட, பேரனைத் தூக்கிவந்த அப்பத்தா ஒருவர், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் கால்பங்கைத் தம்ளரில் கொட்டிவிட்டு, மீதியை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மருந்து தரும் இடத்தில், 'கரைக்கும் விதத்தைச் சொல்லுங்கள்' என்று கேட்டு, சரியாகச் சொன்னவர்களையும் எண்ணிச் சேருங்கள். எழுதியவரின் பெயரை மறைத்து முடிவை எல்லோருக்கும் காட்டுங்கள். மூன்று மாதம் கழித்து, முன்னறிவிப்பின்றி இதே கணக்கை மறுபடி எடுங்கள்.