‘நீ சோறாக்குகிற வேலையைப் பார்’ என்கிறார் தலைமையாசிரியர்

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சத்துணவுச் சமையலராக இருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவன், சில நாட்களாகத் தட்டைத் தொடுவதே இல்லை. உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டே இருந்தான். கொண்டைக்கடலை சாதம் போட்ட அன்று தனியாக அழைத்துக் கேட்டேன். தொடையில் பிரம்புத் தழும்பு. மாலை வகுப்பு எடுக்கும் தற்காலிக ஆசிரியர் புத்தக அறைக்குக் கூப்பிட்டுத் தகாத முறையில் தொடுகிறார் என்று அவன் வாயாலேயே சொன்னான். அன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொன்னேன். ‘நான் விசாரிக்கிறேன், நீ சோறாக்குகிற வேலையைப் பார்’ என்றார். 15 நாட்கள் ஆகிவிட்டன. அந்த ஆசிரியர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார். பையனின் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நடவுக்குப் போகும் பாட்டிதான் வளர்க்கிறார். புகார் கொடுத்தால் பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்கள் என்று அவர் அழுகிறார். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். பொய்ப் புகார் என்று என்மீதே வழக்கு திரும்புமா? என் வேலை போய்விடுமா? (மகளிடம் சொல்லி எழுதியது.)

பதில்: அம்மா, தலைமையாசிரியர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், அவர் சொன்னது சட்டப்படியும் தவறு என்பதால். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ, ‘எந்த ஒரு நபரும்’ தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆசிரியர், சமையலர், கூட்டுகிறவர், வாசலில் மாங்காய் விற்கிறவர் என்று அது தரம் பிரிக்கவில்லை. பையன் என்பதால் போக்சோ பொருந்தாது என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். 18 வயது நிரம்பாத எல்லாரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் குழந்தைகள்தான்.

யாரிடம் தெரிவிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சட்டம் காட்டும் இடம் காவல் துறை. தலைமையாசிரியரிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. தெரிந்தும் தெரிவிக்காதவருக்கு 21-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்கிறவரின் குற்றத்தைத் தெரிவிக்காமல் இருந்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆகவே இன்றைய நிலையில் உங்களைவிட அதிகம் பயப்பட வேண்டியவர் அந்தத் தலைமையாசிரியர். ‘விசாரிக்கிறேன்’ என்கிறாரே, அவரை விசாரிக்கச் சொன்னது யார்? பள்ளியின் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்து இப்படி மூடி வைப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மகாராஷ்டிரத்தில் பள்ளி விடுதி மாணவிகள் தொடர்பான வழக்கு ஒன்றில், தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே கடுமையான குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் சொல்லியிருக்கிறது.

15 நாட்கள் கடந்தது பற்றிக் கலங்க வேண்டாம். தெரிவிப்பவருக்கு இத்தனை நாளுக்குள் என்று அந்தப் பிரிவு கெடு எதுவும் வைக்கவில்லை. ஆனால் தாமதத்துக்கான காரணத்தை மனுவிலேயே எழுதிவிடுங்கள்: இன்ன தேதியில் தலைமையாசிரியரிடம் சொன்னேன், அவர் இப்படிச் சொன்னார் என்று. இதை விட்டுவிட்டால் பின்னாளில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.

மனு அரைப் பக்கம் போதும். கேட்டதையும் கண்டதையும் மட்டும் எழுதுங்கள். தேதி நினைவில்லை, கொண்டைக்கடலை சாதம் போட்ட நாள் என்று மட்டும் தெரியும் என்றால் அப்படியே எழுதுங்கள். சத்துணவுப் பதிவேட்டைப் புரட்டினால் தேதி கிடைத்துவிடும். நின்றுகொண்டே இருந்தான், தட்டைத் தொடவில்லை, தொடையில் தழும்பு, இன்ன சொற்களில் சொன்னான் என்று எழுதுங்கள். பையன் சொன்ன சொல் கொச்சையாக இருந்தாலும் மாற்றாதீர்கள். ‘பாலியல் துன்புறுத்தல்’ என்று உங்கள் மகள் நாகரிகமாகத் திருத்தி எழுதினால் அங்கே பையனின் குரல் போய்விடுகிறது. எந்தப் பிரிவில் வழக்கு என்பது காவல் துறையின் பாடு. நிரூபிப்பதும் உங்கள் வேலை அல்ல.

அவனிடம் மறுபடி மறுபடி கேட்காதீர்கள். கைபேசியில் அவன் பேசுவதைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அறவே கூடாது. குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ விழும். ஊருக்கு நியாயம் சொல்லப் போய் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

இனி உங்கள் பயங்கள். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது உரிமையியல் வழக்கும் கிடையாது, குற்றவியல் வழக்கும் கிடையாது என்று 19-ஆவது பிரிவின் 7-ஆவது உட்பிரிவு சொல்கிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டுதான். அது அவமானப்படுத்தவோ பணம் பறிக்கவோ மிரட்டவோ வேண்டுமென்றே பொய் சொன்னவருக்கு. பிள்ளை சொன்னதைச் சொன்னவர் அந்த வலைக்குள் வரமாட்டார். வேலை விஷயம்: நீங்கள் சமூக நலத் துறையின் திட்டத்தில் இருக்கிறீர்கள். தலைமையாசிரியர் தன் விருப்பத்துக்கு உங்களை நீக்க முடியாது. மிரட்டினால் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டியின் பயம் நியாயமானது. பாதி நாள் வயலில் இருக்கும் அவருக்கு அலுவலகம் என்றாலே பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகிற இடம் என்றுதான் தோன்றும். அவருக்கு இப்படிச் சொல்லுங்கள்: காவல் துறை 24 மணி நேரத்துக்குள், மாவட்டத்தில் குழந்தைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் கொடுக்க வேண்டும். காப்பகம் என்பது வேறு வழியே இல்லாதபோது கடைசியாகத்தான் என்று சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது. பார்த்துக்கொள்ளப் பாட்டி இருக்கும்போது அந்தப் பேச்சுக்கு இடம் குறைவு. பையனைக் காவல் நிலையத்துக்கு இழுக்கவும் வேண்டியதில்லை. வாக்குமூலத்தை அவன் வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடியவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. வழக்கு முடியும்வரை கூடவே இருக்க ஓர் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு தர முடியும், கேட்டு வாங்குங்கள். திருப்பூரிலிருக்கும் அம்மாவுக்கும் உடனே தகவல் போகட்டும்.

பிரம்படி தனிக் கணக்கு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்திருக்கிறது. சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவும் சேரலாம். தழும்பு ஆறிவிடும் என்பதால் மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இது வரப்புத் தகராறு இல்லை. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர்மீதான இப்படிப்பட்ட வழக்கைச் சமாதானம் ஆகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்து வழக்கை நடத்தச் சொன்னது. பேசி முடிக்க உட்காருகிறவர்களும் விஷயம் தெரிந்தவர்கள்தானே? அப்படியானால் 21-ஆவது பிரிவு அவர்களுக்கும் பொருந்தும். இதைச் சொன்னாலே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

கும்பகோணத்தில் வக்கீல் தொழில் செய்கிற எனக்குப் பள்ளி, சமையல்கூடம் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து வந்தாலே 2004 ஜூலை 16 நினைவுக்கு வரும். அன்று இங்கே ஒரு பள்ளியின் சமையல்கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி இறந்துபோன 94 பிள்ளைகள். அதன்பின் பள்ளிக் கூரைகளைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். ஒரு பிள்ளை ஏன் சாப்பிடவில்லை என்று பார்க்க உங்கள் பள்ளியில் நீங்கள்தான் இருந்திருக்கிறீர்கள்.

நாளையே உங்கள் பகுதி அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போகாமல் மகளை அழைத்துச் செல்லுங்கள். போவதற்கு முன் 1098-க்கும் பேசிவிடுங்கள், குழந்தைகள் உதவிக்கென்றே உள்ள எண் அது. நிலையத்தில் வெறும் மனு ஏற்பு ரசீதைக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். முதல் தகவல் அறிக்கை வேண்டும் என்று கேளுங்கள். அதன் நகல் உங்களுக்கு இலவசம். பதிய மறுத்தால் அந்த மனுவையே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எது நடந்தாலும், மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நிலையத்தின் படியை விட்டு இறங்காதீர்கள்.