மகன் ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங் படிக்கட்டும், ஆனால் இந்த வழியில்

ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். பிளஸ் டூவில் உயிரியல் படிக்கும் மகன், விளையாட்டு வீரர்களின் உடல் வலிமையையும் தாங்குதிறனையும் பயிற்சியால் கூட்டும் ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங் துறையைப் படித்துக் கல்லூரியில் பாடம் எடுக்கப் போகிறேன் என்கிறானாம். கடன் வாங்கியாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடு என்கிறாராம் பெரியப்பா.

அம்மா, நீங்கள் பயப்பட வேண்டியது அந்தக் கோட்டாவுக்குத்தான். கோடிங்கில் நாட்டமே இல்லாத பிள்ளைக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். தவணை கட்டப்போவது நீங்கள், பெரியப்பா அல்ல.

ஜிம் டிரெய்னர், பி.டி. மாஸ்டர் வழிகள் ஊருக்கே தெரியும். உங்கள் மகன் கேட்பது, எவ்வளவு பளு, எவ்வளவு ஓய்வு கொடுத்தால் உடல் எப்படி மாறுகிறது என்று அளந்து, ஆராய்ந்து, கற்பிக்கும் வேலை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியலில் பி.எஸ்சி. இருக்கிறது. முதுகலைக்கு மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். கல்லூரியில் பாடம் எடுக்க முதுகலையில் 55 சதவீதம் கட்டாயம். எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயரில் வராத ஓபிசி பிரிவினருக்கு 50. பிறகு உடற்கல்விப் பாடத்தில் யுஜிசி நெட் என்ற உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு: முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாவதில் 100. அதே தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துப் பிஎச்.டி. சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. உங்களிடம் கை நீட்டாமல் ஆராய்ச்சியை முடிக்கலாம்.

பலர் சறுக்குவது பட்டத்தின் பெயரில். எம்.பி.எட். என்ற உடற்கல்வி முதுகலைப் பட்டம் கேட்கும் பணியிடத்துக்கு எம்.எஸ்சி.யோடு போனால் விண்ணப்பம் பரிசீலனையிலேயே நின்றுவிடும். முதுகலைக்குப் பணம் கட்டும் முன் நான்கைந்து உதவிப் பேராசிரியர் விளம்பரங்களை எடுத்துத் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங் நிபுணர்களுக்கு அமெரிக்காவில் தரும் சிஎஸ்சிஎஸ் சான்றிதழுக்கும் பட்டம் வேண்டும், இதயம் நின்றவருக்குச் செய்யும் சிபிஆர் முதலுதவிப் பயிற்சியும் வேண்டும். தேர்வு இரண்டு பகுதி, 220 கேள்வி, நான்கு மணி நேரம். அணிகளில் வேலை தேட உதவும், நெட்டுக்கு ஈடாகாது. கடன் வாங்கி ஓராண்டு இங்கிலாந்து முதுகலை? கூடவே கூடாது.

இந்த விடுமுறையில் அவனே ஒரு சோதனை செய்யட்டும். பள்ளிக் கபடிப் பையன்கள் பத்துப் பேர் போதும். சுவரோரம் பக்கவாட்டில் நின்று, குதிகால் தரையில் பதிய, கையை முழுக்க நீட்டித் தொடும் இடத்தில் சாக்பீஸ் குறி. பிறகு எம்பித் தொடும் இடத்தில் இன்னொன்று. இரண்டு குறிக்கும் உள்ள இடைவெளிதான் எம்பிய உயரம். மூன்று முயற்சியில் சிறந்ததை எழுத வேண்டும். நிற்கும்போது தோளை நீட்டாமல் விட்டால் எம்பிய உயரம் பொய்யாகக் கூடிவிடும். மூன்று நாள் கழித்து, பயிற்சி எதுவும் தராமல், அதே நேரத்தில், அதே ஷூவோடு மறுபடி அளக்கட்டும். ஒருவனுக்கு இரண்டு சென்டிமீட்டர் மாறியிருந்தால் அது அளவையின் ஆட்டம். ஆறு வாரப் பயிற்சிக்குப் பின் வரும் ஏற்றம் அதைத் தாண்டாவிட்டால் பயிற்சி பலித்தது என்று எழுத முடியாது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அளந்தால் மொத்தமும் பாழ்.

எண் ஏன் மாறியது என்று அவன் குடைந்துகொண்டே இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். அளப்பது சலித்து, பையன்களை ஓடவிடுவதில்தான் அவன் முகம் மலர்கிறது என்றால் பயிற்றுநர் வேலைதான் அவனுக்குப் பொருந்தும். அப்போது பிஎச்.டி. பக்கம் நீங்களும் தள்ளாதீர்கள்.