முதல் வாக்கியம் சொன்னதையே சொல்லுங்கள்: பி2 ஃபர்ஸ்ட் நான்காம் பகுதி, கேள்வி பதில்

கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "ரீடிங் அண்ட் யூஸ் ஆஃப் இங்கிலீஷ்" தாளின் நான்காம் பகுதியில் 25 முதல் 30 வரையுள்ள ஆறு கேள்விகளைப் பற்றித்தான். ஒரு வாக்கியம் இருக்கும். அதன் கீழே ஒரு சொல், அதற்கும் கீழே நடுவில் இடம் விட்ட இன்னொரு வாக்கியம். கொடுத்த சொல்லை மாற்றாமல், அதையும் சேர்த்து இரண்டு முதல் ஐந்து சொற்களுக்குள் இடத்தை நிரப்பி, மேலே உள்ள பொருளையே கொண்டுவர வேண்டும். பல வருஷமாக இதற்குப் பாடம் எடுக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

மேடம், மொத்தமே ஆறு கேள்விதானே? இதை விட்டுவிட்டு வாசிப்புப் பகுதிகளில் கவனம் வைக்கலாமா? (சென்னை)

விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், ஆக 12. அந்தத் தாள் முழுவதற்குமே 70தான். பதிலை இரண்டு பாதியாகப் பிரித்துத் திருத்துகிறார்கள். ஒரு பாதி சரியாக இருந்தாலும் 1 கிடைக்கும். தப்புக்குக் கழிப்பதும் இல்லை. அதனால் பாதிதான் தெரியும் என்றாலும் அந்தப் பாதியை எழுதுங்கள்.

டீச்சர், என்ர மகள் சூரிச்சில படிக்கிறா. விதியெல்லாம் பாடமாக்கி வச்சிருக்கிறா, ஆனா புள்ளி வருகுதில்லை. நான் என்ன செய்யலாம்?

அம்மா, நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மகளோடு தமிழில் பேசுங்கள்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். மேலே இருப்பது "ஐ லாஸ்ட் சா ரவி த்ரீ இயர்ஸ் அகோ." கொடுத்த சொல் "சின்ஸ்." கீழே "இட் இஸ்" என்று தொடங்கி, இடம் விட்டு, "ரவி" என்று முடிகிறது. விதியை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு "சின்ஸ்" என்றதும் "ஹேவ் சீன்" ஞாபகம் வரும். அதை அப்படியே எழுதிவிடும்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? "ரவியைப் பார்த்து மூன்று வருஷம் ஆச்சு." ஆச்சு என்று காலத்தைத்தான் சொல்கிறோம். பார்த்தது எப்போதோ முடிந்துபோனது. ஆங்கில வாக்கியமும் அதே போக்குதான்: "இட் இஸ் த்ரீ இயர்ஸ் சின்ஸ் ஐ சா ரவி." நிரப்பியது ஐந்தே சொற்கள். "மூன்று வருஷமாகப் பார்க்கவே இல்லை" என்று சொன்னால்தான் "ஹேவ் நாட் சீன்" வரும். தமிழிலேயே இரண்டும் இரண்டு வாக்கியம் என்பதை அவள் காதால் கேட்கட்டும். அதற்கப்புறம் குழம்பமாட்டாள்.

ஒரு நோட்டில் ஆங்கில வாக்கியங்களை இரண்டிரண்டாக எழுதி, ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே தமிழ்ப் பொருளை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் நீங்கள் தமிழ் வரியைப் படியுங்கள், அவள் இரண்டு ஆங்கில வாக்கியத்தையும் சொல்லட்டும்.

மெக்கானிக் பைக்கைச் சரிசெய்தார் என்ற வாக்கியத்துக்கு "ஐ ஹேட் ரிப்பேர்ட் மை பைக்" என்று எழுதினேன். "ஹேட்"தான் கொடுத்த சொல், அதைப் பயன்படுத்தியும் தப்பாம். ஏன்? (திருச்சி)

நீங்கள் எழுதியதன் பொருளைப் பாருங்கள். "நானே பைக்கைச் சரிசெய்திருந்தேன்" என்றாகிறது. மெக்கானிக் காணாமல் போய்விட்டார். "ஐ ஹேட் மை பைக் ரிப்பேர்ட் பை எ மெக்கானிக்" என்பதுதான் சரி. பைக் நடுவில் வந்ததும் வேலையைச் செய்தவர் வேறு ஆள் ஆகிவிடுகிறார். சொல் அத்தனையும் அதேதான், இடம் மாறியதற்கே இவ்வளவு வித்தியாசம்.

நம்மவர்கள் இங்கே அதிகம் சறுக்குவதற்குக் காரணம் உண்டு. சலூனுக்குப் போய்வந்தாலும் "முடி வெட்டினேன்" என்கிறோம். வெட்டியது யார் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அதையே நேராகச் சொன்னால் கத்தரிக்கோல் உங்கள் கையில் இருந்ததாக ஆகிவிடும். வீட்டுக்குப் பெயின்ட் அடித்தது, சட்டை தைத்தது, கண்ணைப் பரிசோதித்தது என்று நீங்கள் ஆள் வைத்துச் செய்த பத்து வேலைகளை எழுதி மாற்றிப் பாருங்கள்.

"டிடின்ட்" ஒரு சொல்லா, இரண்டா?

இரண்டு. சுருக்கியதை விரித்தால் எத்தனையோ அத்தனை. "கான்ட்" மட்டும் ஒன்று, ஏனென்றால் அதன் விரிவான "கேனாட்" ஒரே சொல். ஐந்தைத் தாண்டுகிறதா என்று விரலால் எண்ணிப் பாருங்கள். எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் போகும்.

"அன்லெஸ்" வந்தாலே தப்பாகிறது அக்கா. (மதுரை)

"இப்போது கிளம்பாவிட்டால் ரயிலைத் தவறவிடுவாய்" என்று யோசிக்கிறீர்கள். "கிளம்பாவிட்டால்" என்பதில் உள்ள எதிர்மறை கையோடு வந்து, "அன்லெஸ் யூ டோன்ட் லீவ்" ஆகிவிடுகிறது. அந்த "ஆவிட்டால்" முழுவதும் "அன்லெஸ்"ஸுக்குள்ளேயே அடக்கம். "அன்லெஸ் யூ லீவ்" போதும். "ஆல்தோ" போட்ட வாக்கியத்தில் மறுபடி "பட்" சேர்ப்பதும் இதே மாதிரியான தப்புதான்.

மன்னிப்புக் கேட்பது, குற்றம் சாட்டுவது போன்றவற்றில் முன்னிடைச்சொல் ("ஃபார்", "ஆஃப்" போன்றவை) தெரிந்தும் ஒரு மதிப்பெண் போகிறது.

உங்கள் பதிலைப் பார்த்தேன். மேல் வாக்கியம் இது: "ஐம் சாரி ஐ புரோக் யுவர் கப்" என்று அவள் என்னிடம் சொன்னாள். நீங்கள் "ஷி அப்பாலஜைஸ்ட் ஃபார் பிரேக்கிங் யுவர் கப்" என்று எழுதியிருக்கிறீர்கள். "ஃபார் பிரேக்கிங்" அருமை. ஆனால் உடைந்தது என் கப், "மை" வரவேண்டும். தமிழில் "என்று சொன்னாள்" போட்டுவிட்டால் அவள் பேச்சு அப்படியே நிற்கலாம். "நான் வரேன்னு சொன்னான்" என்றால் வருவது அவன்தான், நமக்குச் சந்தேகமே வராது. ஆங்கிலத்தில் அந்த "என்று" கிடையாது. அதனால் யாருடையது என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

நான் பிளஸ் டூ மாணவன். எங்கள் "டூ-டு", "சோ-தட்" மாற்றத்துக்கும் இது உதவுமா?

உதவும் தம்பி. ஒன்றை மட்டும் கவனி. "டூ ஹெவி ஃபார் மீ டு லிஃப்ட்" என்பதில் கடைசியில் "இட்" இல்லை. "சோ ஹெவி தட் ஐ கான்ட் லிஃப்ட் இட்" என்று மாற்றும்போது அது திரும்ப வரவேண்டும்.

தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. எப்படிப் படிப்பது?

புது விதி எதையும் தொடாதீர்கள். கேம்பிரிட்ஜ் தளத்தில் மாதிரித் தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நாளுக்கு ஆறு கேள்வி, பத்து நிமிஷத்துக்குள். 75 நிமிஷத்தில் ஏழு பகுதி முடிக்க வேண்டிய தாள் அது, இதற்கு மேல் இங்கே செலவழிக்க முடியாது. திருத்தும்போது விடையைப் பார்க்கும் முன் மேல் வாக்கியத்தையும் உங்கள் வாக்கியத்தையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் பிரிகிறது என்று பென்சிலால் வட்டமிடுங்கள். மறுநாள் புதிய ஆறைத் தொடங்கும் முன் அந்த வட்டங்களை மட்டும் மறுபடி எழுதுங்கள்.