நாதஸ்வர செட்டுக்கு அச்சாரம் எதற்கு?

கல்யாணத் தேதியில் செட் வேறெங்கும் வாசிக்கப் போகாமல் இருப்பதற்காக, பேசி முடித்ததும் கொடுக்கும் முன்பணம்தான் அச்சாரம்.

ஆடி, மார்கழியில் கல்யாணம் கிடையாது. ராமேஸ்வரம் ஆடித் திருக்கல்யாணம், உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனம் மாதிரிக் கோயில் வாசிப்புதான். மற்ற மாதங்களிலோ ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் ஊர் முதல் தொண்டி வரை எல்லாரும் அதே முகூர்த்த நாளைத்தான் பிடிப்பார்கள். கைவிட்டுப்போன முகூர்த்தத்தை மறுநாள் விற்க முடியாது.

செட் என்றால் பெரும்பாலும் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம். வாங்கிய அச்சாரத்திலிருந்துதான் வெளியூர்த் தவில்காரருக்கும் அச்சாரம் போகும். கடைசி வாரத்தில் தேதி மாறினால் ஐந்து பேருக்கும் அன்றைய வருமானம் இல்லை. கருவிச் செலவு வேறு: கடல்காற்றின் ஈரத்தில் தவில் தோல் தளரும்; நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி பிளந்துபோவதும் உண்டு. (நாதஸ்வரத்தில் உபரிச் சீவாளிகள் தொங்குவது அழகுக்கு அல்ல.)

விசைப்படகுக்கு ஐஸும் டீசலும் கரையிலேயே ஏற்றுகிற மாதிரிதான். மீன் பட்டாலும் படாவிட்டாலும் அந்தச் செலவு செலவுதான்.

பலர் நினைப்பதுபோல் அச்சாரம் கூடுதல் கட்டணம் அல்ல, பேசிய தொகையில் கழிந்துவிடும். வண்டிச் செலவும் சாப்பாடும் அதில் அடங்குமா என்பதைத்தான் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.